சரசம்மாவின் முதுகுப்பை

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு சரசம்மா காசு கொடுக்கும் முன்பே கடையை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முனை வரை நடந்துவிட்டுத் திரும்புவார். கடைக்காரர் பதறமாட்டார், ஆளைத் தெரியும். குடை என்றால் விரித்து, காற்றில் மாட்டியதுபோல் உலுக்குவார். வாளி என்றால் தண்ணீர் நிரப்பித் தரச் சொல்வார். "வீட்டுக்குப் போயி பொட்டி ஒடஞ்சா யாருகிட்ட கேக்க?"

எங்கள் அலுவலகக் கேண்டீனில் சமையல் வேலை அவருக்கு. குழித்துறைப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. மேனேஜரானாலும் பியூனானாலும் "மக்கா, கறி மதியா?" என்றுதான் கேட்பார். போதும் என்று சொன்னாலும் இன்னொரு கரண்டி விழும்.

2003இல் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஷார்ஜாவில் கொத்தனாராக இருந்த கணவர் ராஜையன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சில மாதம் கழித்து அவரை ஊருக்கு அனுப்ப முடிவெடுத்த கம்பெனி, அழைத்துவர மனைவிக்கும் விசா எடுத்து டிக்கெட் அனுப்பியது.

விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, சரசம்மா அதில் ஏறியதில்லை. "சாரே, நீங்க பிளேன்ல போன ஆளாச்சே. கையில வச்சுக்கிடுற பேக் ஒண்ணு எடுக்கணும். கூட வாங்க" என்றார்.

பெட்டி, பை விற்கும் பூதலிங்கத்தின் கடைக்குப் போனோம். அவர் முதலில் சக்கரம் வைத்த பெட்டியை எடுத்துப் போட்டார். நானும் அதுவே நல்லது என்றேன். சரசம்மா கடைக்குள் ஒரு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஒரு தோள்பை. மாட்டிக்கொண்டு குனிந்தார், அது வழுக்கி முன்னால் வந்து தொங்கியது. அதுவும் வேண்டாம். மேல்தட்டில் இருந்த நீல முதுகுப்பையைக் காட்டினார்.

"அது காலேஜ் பிள்ளேளு போடுறதாக்கும்" என்று பூதலிங்கம் சிரித்தார். "சேலைக்கு மேல அதை மாட்டினா ஆளுவ சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எடுங்க அண்ணாச்சி."

விமான இருக்கைக்கு மேலே அந்த அளவு அடங்குமா என்று என்னிடம் கேட்டார். அடங்கும் என்றேன். மருந்தும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் வைக்க முன்பக்கம் தனி அறை இருந்தது. மேசைமேல் கிடந்த பூட்டுகளைக் கனத்துக்காக அள்ளிப் பைக்குள் போட்டு, முதுகில் மாட்டி, வார்களை இறுக்கினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"சாரே, இதுல இரிங்க."

உட்கார்ந்தேன். குனிந்து, என் அக்குள்களுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்தார். நான் சுதாரிப்பதற்குள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டார். பை முதுகைவிட்டு அசையவில்லை.

"அவிய உங்களைவிட கனம்" என்றார், மூச்சு வாங்கியபடி. "எனக்க ரெண்டு கையும் அவியளுக்கு வேணும்லா."

பூதலிங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரே வந்து பையின் தையல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கொடுத்தார்.

அவர்கள் திரும்பிய அன்று வேன் பிடித்து விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவரின் முதுகில் நீலப் பை புடைத்திருந்தது. சுமைதூக்குபவர் ஒருவர் அதில் கைவைத்தார். "தொடண்டா" என்று விலகிக்கொண்டார் சரசம்மா. நான் கேட்டபோதும் தரவில்லை.

நாற்காலியில் ராஜையன் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"சரசு, அதை இஞ்ச தா."

"வேண்டாம். கனமாக்கும்."

"காலுதானே போச்சு? தா."

சரசம்மா நடுவழியிலேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள். ஒரு வாரைக் கழற்றினார், மறு வாரையும் கழற்றினார், பையை அவர் மடியில் வைத்தார். ராஜையன் வார்களுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, அதைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு சேர்த்து மாட்டிக்கொண்டார்.