ரோட்டைப் பார்த்த கேலரி

காலேஜில் பிஸிகல் டைரக்டர் வேலை என்பது, மற்ற வாத்தியார்களெல்லாம் கோட்டும் பஞ்சகச்சமுமாக நிற்கிற இடத்தில் ஒருவன் மட்டும் அரை நிஜாரோடு நின்று மரியாதையை எதிர்பார்க்கிற வேலை. கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்களும் என்றைக்காவது ஆளில்லாத சபையில் பாடியோ பேசியோ இருப்பீர்கள். அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். காலேஜ் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவில் இருந்தது. எங்கள் ஃபுட்பால் டீம் நல்ல டீம். அது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதுதான் குறை.

தோல் பந்தும் ஈர வேட்டியும்

மைதானம் என்று பெயரே தவிர, நாலு பக்கமும் திறந்த பொட்டல். சென்டர் சர்க்கிளின் குறுக்கே காவேரிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. பாதை எங்களுக்கு மூத்தது என்பதால் ஜனங்கள் மேட்ச் நடக்கும்போதும் அதிலேயே போவார்கள். பால்கேன் கட்டிய சைக்கிள் போகும். துணி மூட்டைக்காரர் ஒருவர் எதிர் டீம் ஆட்டக்காரனிடம் மணி கேட்டுவிட்டுப் போவார். ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். போகிற வழியில் கிடக்கிற எதையும் யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

வரதாச்சாரி ஸ்வாமி, ரிடையரான சமஸ்கிருத பண்டிதர். ஒரு சாயங்காலம் காவேரியில் குளித்துவிட்டு, மடியாக, ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் கேப்டன் ஜபார் அடித்த பந்து அவர் முதுகில் பட்டது. தோல் பந்து. ஸ்வாமி பந்தைப் பார்த்தார், ஜபாரைப் பார்த்தார், திரும்பி ஆற்றுக்கே போய்விட்டார். மறுபடி குளித்துவிட்டு வந்தபோது ரெஃபரி விசில் ஊதி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு பேரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். நான் ஓடிப்போய், "மன்னிக்கணும் சாமி, மூணு கோல்ல ஜெயிச்சுக்கிட்டிருக்கோம், பசங்களுக்குக் கண்ணு தெரியலை" என்றேன்.

"ஜெயிக்கறேளா? அப்போ இது மேட்ச்சா ஓய்? நான் ஏதோ பசங்க மாட்டை விரட்டிண்டிருக்கான்னு நினைச்சேன்!"

கோப்பையும் கெடுவும்

அந்த வருஷம் வாங்கிய கோப்பையைத் துடைத்து, பிரின்சிபால் மேஜையில் வைத்தேன். பிரின்சிபால் கெமிஸ்ட்ரிக்காரர், நியாயமான மனிதர். கோப்பையை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு, அதே இடத்தில் ஒரு பிளானை விரித்தார். புது கெமிஸ்ட்ரி லேப். பிளானில் லேப் நிற்கிற இடம் என் மைதானம்.

ஆட்டம் மோசமில்லை, உட்கார்ந்து பார்க்க இடமில்லை, ஒரு கேலரி இருந்தால் ஊரே வரும் என்று கையைப் பிசைந்துகொண்டு வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, கேலரி கட்டிக்குங்க. அடுத்த வருஷக் கடைசி மேட்ச்சை ஒரு நூறு பேர் தானா வந்து பார்க்கட்டும், நான் பிளானைச் சுருட்டி வெச்சுடறேன். இல்லேன்னா, மிஸ்டர் கலியபெருமாள், உங்க கோல் போஸ்ட் நிக்கிற இடத்துல பியூரெட் நிக்கும்."

சாமி வரும் பக்கம்

அரிசி மில் முதலாளி ஒருவர் கேலரியைத் தன் செலவில் கட்டித் தர முன்வந்தார். மேஸ்திரி சுப்பையா அந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய ஆள். ரோட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் இடம் பார்த்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, "இந்த நீளத்துக்கு ஒன்பது படி" என்று அவரிடம் சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்து என்று சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா? அடுத்த நாளே டைபாய்டு வந்து, எடமலைப்பட்டி புதூரில் மச்சினர் வீட்டில் இரண்டு மாதம் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஒன்பது படியும் வழவழவென்று ரோட்டைப் பார்த்து இருக்கிறது. மைதானத்துப் பக்கம் பன்னிரண்டடி உயரத்துக்கு வெறும் சுவர். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரிக்கு என் துக்கம் புரியவே இல்லை. அவர் அதுவரை படிப்படியாகக் கட்டியதெல்லாம் கோயில் உற்சவத்தின்போது ஜனங்கள் உட்கார்கிற மேடைகள். "படின்னா சனம் உக்காந்து சாமி பார்க்கத்தானுங்க. சாமி ரோட்டுலதானே வரும்?" என்று என்னையே கேட்டார்.

இடித்துக் கட்டலாம் என்றால், மறுபடி சிமெண்ட் பெர்மிட்டுக்கு அலைய வேண்டும். அதைவிட, முதலாளி வந்து பார்த்து மனம் குளிர்ந்துவிட்டார். கேலரியின் நெற்றியில் அவர் பெயர் வெட்டிய கல், பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி பளிச்சென்று இருந்தது. நான் மெல்ல இடிக்கிற பேச்சை எடுத்தேன்.

"அந்தப் பக்கம் திருப்பி வெச்சா என் பேரை யாருய்யா படிப்பாங்க, உம்ம பந்தா?"

கேலரி ஸ்டாப்

கேலரி கிழக்கே பார்த்தது. சாயங்காலம் வெயில் சுவருக்குப் பின்னால் போய்விடும், படியெல்லாம் நல்ல நிழல். அதுவரை வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் அங்கே குடியேறிவிட்டார்கள். பூக்கூடைகள், வாழைத்தார்கள், தூங்குகிற குழந்தைகள். கண்டக்டர்கள் "கேலரி ஸ்டாப்!" என்று கூவ ஆரம்பித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஹாஸ்டல் பசங்கள் ஐம்பது பேர் கோட்டோரம் நின்று கத்தினால், அது சுவரில் மோதி எழும்பி ரோட்டுக்குப் போகும்போது ஐநூறு பேர் சத்தமாகிவிடும். பஸ்ஸில் போகிறவனுக்கு என்ன தெரியும்? நிரம்பி வழிகிற கேலரியைப் பார்க்கிறான், பின்னால் ஆரவாரத்தைக் கேட்கிறான். அந்தக் காலேஜ் ஃபுட்பாலுக்குக் கூட்டம் தாங்கவில்லையாம் என்று காவேரிக்கு அக்கரையில் கோட்டை வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. திறந்து கிடந்தபோது ஏறெடுத்துப் பார்க்காத ஊர், சுவர் வைத்து மறைத்ததும் விசாரிக்க ஆரம்பித்தது.

எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒருநாள் பிரின்சிபாலை ரோட்டோரம் அழைத்துப் போய், "பாருங்க சார்" என்று கையை வீசிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. அரை நிமிஷத்தில் கேலரி காலி. நாலாவது படியில் ஒரு வாழைப்பழத் தோல் மட்டும் இருந்தது.

"பஸ் வந்ததும் எழுந்து போறவங்களைச் சேர்த்துக்க முடியாது, மிஸ்டர்."

ஜபாரின் அத்தா

ஜபாரின் தகப்பனார் பெரிய கடைவீதியில் தொப்பியும் கைலியும் விற்கிறவர். மகன் கடையைப் பார்க்காமல் பந்து பின்னால் ஓடுகிறான் என்று அவருக்கு மனத்தாங்கல். ஒருநாள் பையனை டீமிலிருந்து எடுத்துவிடச் சொல்லத்தான் என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்தார். வந்தவர் கேலரி ஸ்டாப்பில் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, பின்னால் எழுந்த சத்தத்தைக் கேட்டு அசந்துபோய் நின்றுவிட்டார். "சார், இவ்வளவு சனமும் எம் மகன் ஆடுறதைப் பார்க்கவா வந்திருக்கு?" என்று, விஷயம் தெரிந்து ரோட்டுக்கு வந்த என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

ஆமாம் என்றேன். கூசாமல் சொன்னேன். பொய்தான். ஜபார் போனால் டீம் இல்லை, டீம் இல்லையென்றால் மைதானம் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! நான் வந்துட்டுப் போனதை அவன்கிட்ட சொல்லாதீங்க சார். கடையை நான் பார்த்துக்கறேன், அவன் ஆடட்டும்."

துவாக்குடி டீ

தஞ்சாவூரில் ஒரு மேட்ச் ஜெயித்துவிட்டுத் திரும்பும்போது துவாக்குடியில் பஸ் நின்றது. டீக்கடைக்காரர் எங்கள் பனியனில் இருந்த காலேஜ் பேரைப் பார்த்ததும் "கேலரி ஸ்டாப் டீமா!" என்று எல்லோருக்கும் கிளாஸைக் கழுவி டீ போட்டார். அங்கே உட்கார இடமே கிடைக்காதாமே என்று வாய் நிறைய விசாரித்தார். பசங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க சார். அவ்வளவு சனமும் ஏன் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருது?"

பந்து எழுந்தருளியது

கேலரி வந்து ஒற்றையடிப் பாதையை அடைத்துவிட்டதால், வரதாச்சாரி ஸ்வாமியின் சாயங்கால ஆற்றுக் குளியல் நின்றுபோயிற்று. அந்த நேரத்துக்குக் கேலரி ஸ்டாப்பில் பஸ் பிடித்துக் கோட்டைப் பக்கம் பெண் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். கீழ்ப்படிகளில் கூடையும் தாருமாக இடிபட வேண்டாமென்று உச்சிப் படிக்கு ஏறிவிடுவார். அங்கே சுவர் முழங்கால் உயரம்தான். தலையைத் திருப்பினால் மைதானம் முழுக்கத் தெரியும். முதல் வாரம் திருப்பவில்லை. இரண்டாவது வாரம் மைதானத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு மேலே ஒரு திருமண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே பூக்காரம்மா ஒருத்தி, "என்ன சாமி அந்தப் பக்கம் சத்தம்?" என்று கேட்டிருக்கிறாள். முப்பது வருஷம் பாடம் சொன்னவரிடம் கேள்வி கேட்டால் சும்மா இருப்பாரா? "நம்ம ஜபார் பந்தை ஏளப் பண்ணிண்டு வரான், கேட்டுக்கோ!" என்று ஆரம்பித்துவிட்டார். பெருமாளைத் தோளில் சுமந்து வருவதற்குச் சொல்கிற வார்த்தை அது. எதிர் டீம் கோல்கீப்பர் துவாரபாலகன். பந்து வலைக்குள் போனால் "ப்ரவேசிச்சுடுத்து!" நாளாக ஆக, உபன்யாசத்துக்குக் கூடுகிற மாதிரி ஜனங்கள் படியில் கூடி, ரோட்டைப் பார்த்தபடியே எங்கள் மேட்ச்சைக் கேட்க ஆரம்பித்தார்கள். பஸ் வந்து நின்றாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கண்டக்டர் ஃபுட்போர்டிலிருந்து கும்பிடு போட்டுக் கத்தினாராம்.

"சாமி, அந்தக் கோலைச் சீக்கிரம் போட்டு முடிங்க, வண்டி லேட்டாவுது!"

கடைசி மேட்ச்

கெடு முடிகிற மேட்ச் வந்தது. ஃபைனல், எங்கள் மைதானத்திலேயே. பிரின்சிபால் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலைகளை எண்ணினார். அன்றைக்கு ஒருவர் கூட பஸ்ஸுக்காக வரவில்லை. இடைவேளையில் என்னைக் கூப்பிட்டனுப்பி, "நூறுக்கு மேலேயே இருக்காங்க மிஸ்டர். ஆனா யாரும் பார்க்கலையே, கேட்கறாங்க! இதை எதுல சேர்க்கறது?" என்று உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். நாங்கள் ஒரு கோல் பின்தங்கி இருந்தோம். நான் மைதானத்துக்கே ஓடிவிட்டேன்.

அந்த ஒரு கோல் பாக்கி அப்படியே இருக்க, கடைசி நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. ஜபார் பந்தை வைத்தான். அதுவரை மணிமணியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஸ்வாமியின் குரல் நின்றுபோயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன சாமி ஆச்சு? சொல்லுங்க சாமி!" என்று கூச்சல்.

அப்போது ஸ்வாமிக்குப் பக்கத்தில் இன்னொரு தலை எழும்பியது. பிரின்சிபாலின் வழுக்கை. அதற்குப் பிறகு கொண்டையில் பூ வைத்த தலை, முண்டாசுத் தலை, காக்கித் தொப்பி. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சுவர் முழுக்கத் தலைகள் வரிசையாக எழும்பி மைதானத்தைப் பார்த்தன. இத்தனை வருஷம் விசில் ஊதியதற்கு இது போதும் என்று நினைத்தேன். நான் அழுதேன், மறைப்பானேன்.

ஜபாரும் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டான். ஓடிவந்து உதைத்த பந்து கோல் போஸ்ட்டுக்கு மேலே ஏறிப் பக்கத்து வாழைத்தோப்பில் போய் விழுந்தது. ரெஃபரி விசில் ஊதிவிட்டார். ஜபார் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "யாரும் பார்க்காதப்பல்லாம் போட்டேன் சார். இன்னைக்கு அத்தனை கண்ணும் என் மேல இருந்துச்சு, கால் என் காலாவே இல்ல" என்றான்.

பிரின்சிபால் கேலரியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். நான் வந்தபிறகு அவர் அந்த மண்ணில் கால் வைத்தது அன்றைக்குத்தான். லேப் பேச்சு வரப்போகிறது என்று குனிந்து நின்றேன். அவர் ஜபாரின் தோளில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"லேப்புக்கு வேற இடம் பார்த்துக்கலாம், மிஸ்டர் கலியபெருமாள். முதல்ல இந்தப் பக்கமும் படி கட்டுங்க. நாலு பேர் பார்க்க ஆடிப் பழகாத பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திட்டோம், தப்பு நம்மளது."

எங்கள் டீம் நல்ல டீம் என்று ஊர் நம்ப ஆரம்பித்தது, அது தோற்றதைக் கண்ணால் பார்த்த அன்றிலிருந்துதான்.