அக்கா படித்த புத்தகங்களும் நான் புதைத்த கொப்பியும்

எங்கள் குடும்பத்தின் மூத்தவர், என் ஒரே அக்கா, எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி உங்கள் கையில் கொடுக்க வேண்டியது தம்பியாகிய என் கடமை. நான்கு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அக்காவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் முதல் தடவை உட்கார்ந்தேன்.

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அக்கா பிறந்தார். வட்டவளையில் படித்தார், நன்றாகவே படித்தார். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அம்மா காலமானார். அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மாவின் காரியம் முடிந்த கையோடு அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போய்விட்டார். நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், "தம்பி படிச்சு முடிக்கட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். நான் படித்து முடித்து, நுவரெலியாவில் அரசாங்க எழுதுவினைஞர் ஆன பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

இதுவரை எழுதுவது சுலபம். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கே விளங்காதது.

நாற்பது வயதுக்கு மேல் அக்கா புத்தகம் படிக்கத் தொடங்கினார். குடும்பக் கதை, பக்திக் கதை என்றால் எனக்கும் விளங்கியிருக்கும். அவர் படித்தது பழைய காலத்துத் தத்துவ ஞானிகளையும், நாளைய உலகம் நாசமாய்ப் போய், கொடுங்கோல் அரசு மனிதர்களை ஆட்டிப் படைப்பதாக எழுதிய நாவல்களையும். எல்லாம் தமிழில் மொழிபெயர்த்த தடித்த புத்தகங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய், பழைய புத்தகக் கடையில் வாங்கி வருவார். பொலித்தீனில் சுற்றி, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொள்வார். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது பிரித்து இரண்டு பக்கம் படிப்பார்.

"என்னா, பரீட்ச எழுதப் போறீங்களா?" என்று கங்காணி ஒருநாள் கேலியாகக் கேட்டாராம்.

"பரீட்ச இல்லாட்டி படிக்கக் கூடாதுங்களா?" என்று அக்கா திருப்பிக் கேட்டாராம். அதற்குப் பிறகு கங்காணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பயங்கரமான நாவல்களைப் படித்து அக்கா சிரிப்பார். அதுதான் எனக்கு முதல் குழப்பம். ஒரு கதையில், ஜனங்கள் விடியற்காலையில் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைய சாப்பாடு. "இத எழுதுனவருக்கு நம்ம பெரட்டுக் களத்த யாரு காட்டுனது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடம்தான் பெரட்டுக் களம். தத்துவ ஞானிகளுக்கு அந்தத் தயவு கிடையாது. "இவரு நாள் பூரா ஒக்காந்து யோசிச்சாரே, வீட்டுக்குத் தண்ணி யாரு புடிச்சாங்க?" என்று சண்டைக்குப் போவார். சண்டை போட்டுவிட்டு அதே புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படிப்பார்.

நான் பட்டதாரி இல்லையென்றாலும் படித்தவன் என்று பெயர் எடுத்தவன். அக்கா காட்டிய எந்தப் புத்தகத்திலும் நான் பத்துப் பக்கம் தாண்டியதில்லை. "அப்புறமா பாக்குறேன் அக்கா" என்பேன். அவர் வற்புறுத்தியதே இல்லை.

அக்காவிடம் நீல மட்டை போட்ட தடித்த கொப்பி ஒன்று இருந்தது. எங்கள் லயத்துப் பெண்கள் பஜனைப் பாட்டுகளைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். இதுவும் அதுதான் என்று இருந்துவிட்டேன். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ஒன்பது நாட்களும் அந்தக் கொப்பியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். நான் கட்டிலருகே போனால் மூடிவிடுவார். பத்தாம் நாள் காலையில் அக்காவின் உயிர் பிரிந்தது.

பெட்டியை மூடும் முன் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருக்கும் மாமி என் கையைப் பிடித்தார். "அதுக்குப் பிரியமான சாமானெல்லாம் கூடவே வச்சு அனுப்பிருங்க தம்பி. இல்லாட்டி தேடிக்கிட்டு வரும்" என்றார். எங்கள் வழக்கம் அது. புதுச் சீலை வைத்தோம், மூக்குக் கண்ணாடி வைத்தோம். புத்தகங்கள் அச்சடித்தவை, யாராவது படிக்க வீட்டில் இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். கொப்பியை என் கையாலேயே அக்காவின் கைக்கடியில் வைத்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, முதல் தடவையாக அக்காவின் புத்தகம் ஒன்றைப் படிப்பதற்காகவே எடுத்தேன். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. "கொப்பி 12." "கொப்பி 30." எல்லாப் புத்தகங்களிலும் அப்படியே. நினைத்ததை எல்லாம் அவர் கொப்பியில் எழுதி, பக்க எண்ணை மட்டும் இங்கே குறித்திருக்கிறார். தன் பங்கைப் பிறருக்குக் கொடுத்தவன் இழந்தவனா, பெற்றவனா என்று ஒரு ஞானி நீளமாக விவாதிக்கும் இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் "கொப்பி 63" என்று இருந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தை விட்டது எனக்காக. அதற்காக அவர் வருந்தினாரா இல்லையா என்பது அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்கும். அது இப்போது மண்ணுக்குள் இருக்கிறது.

"அவங்க நல்லதாத்தான் எழுதியிருப்பாங்க. மனச கொழப்பிக்காதீங்க" என்கிறார் என் மனைவி. இருக்கலாம். ஆனால் நல்லதாக இருந்தால் ஏன் மூடி வைத்தார்? கெட்டதாக இருந்தால் ஏன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை?

போன மாதம் ஹட்டனில் அந்தப் பழைய புத்தகக் கடைக்காரரிடம் போனேன். அக்காவின் தம்பி என்றதும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எதுக்காக இதெல்லாம் படிச்சாங்க, உங்களுக்கு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"நானும் ஒருக்கா கேட்டேங்க. 'இதப் படிக்கிற நேரத்துல நான் யாருக்கும் அக்கா இல்ல, அதான்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது அக்கா மேல் கோபம் வந்தது, உடனே வெட்கமும் வந்தது.

நோயுற்ற நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்த லயத்து மக்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், மலை வேலையை நிறுத்திவிட்டுப் பெட்டி தூக்க வந்த இளைஞர்களுக்கும், மரண உதவிச் சங்கத்தாருக்கும், இன்று வந்து எங்களோடு பந்தியில் உட்காரும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. "ஒங்க அக்கா எந்தக் குறையும் இல்லாம வாழ்ந்துட்டுப் போனாங்க" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கும் நன்றி. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாரிடமாவது அவர் மனம்விட்டுப் பேசியிருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அக்கா, அக்கா என்றே எழுதியிருக்கிறேன். அவருடைய பெயரைப் போட்டு மாற்ற முயன்றேன். எனக்கு வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், அக்கா.