வேலியில் விட்ட பொட்டு

என் தாயின் தந்தையை நாங்கள் அப்பு என்று அழைத்தோம். எங்கள் சிறு பட்டினத்தின் சபையில் அவர் நெருப்பணைக்கும் வேலையில் இருந்தார். படை என்று சொல்லத்தக்கது கையால் அடிக்கும் பம்பு பூட்டிய ஒரு வண்டி, அதை இழுக்கும் இரண்டு மாடுகள், ஒரு மணி, அப்பு, அவருக்குக் கீழே இரண்டு ஆட்கள். துணியாலான தண்ணீர்க் குழாய்க்கு வல்வெட்டித்துறையில் கப்பற்பாய் தைக்கும் ஒருவர் மூன்று முறை ஒட்டுப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது சற்றுக் குட்டையாகித் திரும்பி வந்தது.

நெருப்பு அடிக்கடி பிடிப்பதில்லை. அந்தக் குறையை அப்பு வேறு வழிகளில் நிரப்பினார். கலியாண ஊர்வலம் எதிர்ப்பட்டால் வண்டியைத் திருப்பி, மணியை அடித்துக்கொண்டு அதன் முன்னால் மாப்பிள்ளை வீடுவரை போவார். மேளகாரர் முறையிட்டார்கள். பின்னர் ஒருநாள், பம்பைச் சோதிப்பதாகச் சொல்லி, தெருவோரம் முடி வெட்டிக்கொண்டிருந்த சுகாதாரப் பரிசோதகரை நாற்காலியோடு நனைத்தார். சபைத் தலைவர் இருமுறையும் எழுத்தில் எச்சரித்தார். மூன்றாவது புகார் வந்தால் வேலை இல்லை என்றார். எங்கள் வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவரே.

மூன்றாவது புகார், அவர் ஒழுங்காக வேலை செய்த நாளில் வந்தது.

சோளகக் காற்று வீசிய ஒரு முற்பகல், குறுகிய ஒழுங்கையொன்றில் ஒரு வீட்டுக் குசினியின் கூரை பற்றிக்கொண்டது. கிணறு வேலிக்கு அப்பால், வீட்டுக்காரரின் தமையனார் வளவில் இருந்தது. கிணற்றில் தம்பிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்பது பற்றி இருவரும் நான்கு வருடங்களாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கையைச் சுற்றிக் கொண்டுபோகக் குழாய் எட்டாது. அப்பு கத்தியோடு வேலியடிக்குப் போனபோது மறுபக்கம் தமையனார் நின்றார்.

"வேலியிலை கை வையாதை. கோட்டிலை வழக்குக் கிடக்கு. தீர்ப்பு வருமட்டும் ஒரு கிடுகும் அசையக்கூடாது."

"ஓம் அண்ணை. நெருப்புக்கும் கோட்டாலை கட்டளை அனுப்பினவையோ?"

"பகிடி விடாதை."

"சரி, பகிடி இல்லை. காத்து உங்கடை பக்கம் அடிக்குது. இன்னும் கொஞ்சம் கதைச்சால் உங்கடை வைக்கல் போரும் வழக்கிலை சேந்திடும்."

தமையனார் திரும்பி வைக்கோற்போரைப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அப்பு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வேலியை வெட்டிவிட்டார். குசினி போயிற்று, வீடும் வைக்கோற்போரும் தப்பின. மறுநாள் தமையனார் சபைக்குப் புகார் எழுதினார்.

தலைவர் ஒரு வழி சொன்னார். அப்பு தம் கையால் வேலியை அடைக்க வேண்டும். அது முழுமையாக அடைக்கப்பட்டது என்று தமையனார் கையொப்பமிட வேண்டும். இடாவிட்டால் வேலை போகும்.

வேலிக்கு வேண்டிய, தென்னோலையில் பின்னிய கிடுகு வந்துசேரப் பத்து நாள் சென்றது. அண்ணனும் தம்பியும் மணந்திருந்தவர்கள் உடன்பிறந்த அக்காளும் தங்கையும். குசினி இழந்த தங்கை அந்தப் பத்து நாளும் வெட்டிய இடத்தால் போய் அக்காளின் அடுப்பில் சமைத்தாள். ஆண்கள் இருவரும் இதைக் காணாதிருக்கப் பழகிக்கொண்டார்கள்.

வேலி அடைக்கும் நாளில் நானும் போயிருந்தேன். அப்பு கட்டத் தொடங்கியதும் தங்கை வந்தாள்.

"அண்ணை, அடியிலை ஒரு பொட்டு விடுங்கோ."

"விட்டால் என்ரை வேலை போயிடும், பிள்ளை."

வேலியின் மறுபக்கமிருந்து அக்காளின் குரல் வந்தது. "ஆள் போகத் தேவையில்லை. ஒரு சட்டி போனால் காணும்."

"சொதிச் சட்டியோ, சோத்துப் பானையோ?" என்று அப்பு கேட்டார்.

"பானை," என்றார்கள் இருவரும்.

அவர் பானையை வாங்கி வைத்து அளந்து, அது நுழையும் அளவுக்கு வேலியடியில் இடைவெளியாகப் பொட்டை விட்டார்.

மாலையில் தமையனார் குடையோடு வந்து வேலியில் நட்டிருந்த ஒவ்வொரு கதியாலையும் அசைத்துப் பார்த்தார். பொட்டருகே வந்து நின்றார். அப்பு சபையின் தாளை நீட்டினார். பகிடியின்றி அவர் நின்றதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"என்ன பாக்கிறியள்?" என்றாள் தமையனாரின் மனைவி. "பத்து நாளாய் நீங்கள் ரண்டாந்தரம் கேட்டு வாங்கித் திண்டது தங்கச்சி வைச்ச குழம்பு."

தமையனார் சட்டம் அறிந்தவர். 'வேலி முழுமையாக அடைக்கப்பட்டுள்ளது' என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு பொட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குடையின் மேல் தாளை வைத்துக் கையொப்பமிட்டார்.