நான் போட்ட கையெழுத்து

தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய், கல்லூரி வாசலில் தொங்கும் அந்த பேனரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் எழுதியிருக்கும் 'கலையும் கணினியும்' என்ற பாடத்தை ஆரம்பித்தவள் நான். பேனர் கட்டியவர் எங்கள் துறைத் தலைவர். வரையத் தெரிந்த பிள்ளைக்கு சர்க்யூட்டும் தெரிய வேண்டும், சர்க்யூட் தெரிந்த பிள்ளைக்கு வரையவும் வர வேண்டும் என்று தொடக்க விழா மேடையில் அவரே முழங்கினார்.

பச்சைமலையிலிருந்து வந்த ஒரு மாணவி அதை நம்பிவிட்டாள். அவள் ஊருக்கு நாளுக்கு இரண்டே பஸ். வருமா வராதா என்று தெரியாமல் ஜனங்கள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டாக அவள் ஒரு பலகை செய்தாள். மலைப்பாதையைத் தன் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்ன விளக்கைப் பதித்தாள். பஸ்ஸில் வைத்த கருவி சேதி அனுப்ப, வண்டி மேலே ஏற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஊர் டீக்கடையில் ஒரு வாரம் மாட்டி ஓட்டியும் காட்டிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மதிப்பீட்டுக் குழு அதை மூன்று நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இது என்ன ஸ்கூல் எக்ஸிபிஷனாம்மா? படம் வரையணும்னா வேற கோர்ஸ் படிச்சிருக்கலாமே" என்றார் ஒருவர்.

பேனர் கட்டிய துறைத் தலைவர் சிரித்தார். சிரித்தார்! "பத்து நாள் டைம். வேற ப்ராஜெக்ட் கொண்டு வாங்க. இல்லைன்னா அடுத்த வருஷம்தான்."

நான் கத்தினேன், மேஜையைத் தட்டினேன். "டென்ஷன் ஆகாதீங்க மேம்" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் அவள் தடித்த அட்டை போட்ட ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெடிமேடாக ப்ராஜெக்ட் விற்கும் கடையில் வாங்கியது. முகத்தைப் பார்த்து வருகை பதியும் மென்பொருள். வருஷா வருஷம் யாராவது ஒருவர் கொண்டுவரும் அதே சரக்கு. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சைன் போடுங்க மேம். அரியர் விழுந்தா கெடைச்ச வேலை போயிடும். வீட்டுல எல்லாரும் அதைத்தான் நம்பியிருக்காங்க."

'என் மேற்பார்வையில் இம்மாணவி தானே செய்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். குழு முழு மதிப்பெண் கொடுத்தது. அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

இந்த வருஷம் முதல் வகுப்பில் வழக்கம்போல ஆரம்பித்தேன். ப்ராஜெக்டை நீங்களே யோசித்து நீங்களே செய்ய வேண்டும் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"போன வருஷம் ஒரு அக்கா கடையில வாங்கிட்டு வந்ததுக்கு சைன் போட்டீங்களாமே மேம். எங்களுக்கும் போடுவீங்களா?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.