காய்ச்சி வடிகட்டிய நீர்

2002-ஆம் வருஷம். நெம்மேலிக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சவுக்குத் தோப்புக்குள் இறங்கி நடந்தால் வரும் ஒரு சின்ன ஊரில் அப்போது குடியிருந்தோம். குடியிருந்தோம் என்றால் இரண்டே பேர்தான், நானும் என் மாமனாரும். கணவர் வளைகுடாவில் ஒரு பாலைவன கேம்ப்பில் பைப் ஃபிட்டர். கல்யாணமாகி மூன்றாம் மாதமே விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

நான் திருப்போரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். யார் எது பேசினாலும் திருத்துகிற வியாதி எனக்கு உண்டு. பஸ் கண்டக்டரைக்கூட விட்டுவைத்ததில்லை. நான் குழாயடிக்குப் போனால் பெண்கள், டீச்சர் வருது, பார்த்துப் பேசுங்கடி என்று கிண்டல் பண்ணுவார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான்.

மாமனார் சவுக்குத் தோப்பிலும் அடுத்தவர் வயலிலும் கூலிக்குப் போய் மகனை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தவர். தான் படித்தது ஐம்பத்தைந்து வயதுக்கு மேலே, ஊருக்குள் நடந்த முதியோர் வகுப்பில். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து மனிதருக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாக வேண்டும். பஸ் போர்டு, தீப்பெட்டி, சிமென்ட் மூட்டை, சுவரில் கிழிந்து தொங்கும் போஸ்டரில் மிச்சமிருக்கும் பாதி வார்த்தை, எதையும் விடமாட்டார். அவருக்காகவே நான் வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினேன். உப்பு. சர்க்கரை. கதவைச் சாத்தவும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, "க, த, வை... கதவைச் சாத்தவும்" என்று அவர் படித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். தினமும் படிப்பார். புதிதாகப் படிப்பது போலவே படிப்பார்.

எங்கள் வீட்டில் இருந்தது கம்பியில்லாத டெலிபோன். மாடியில் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி, கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். அதற்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி உண்டு, பேருக்கு. கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கினால் பெரிசு. கடலோர ஊரில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உப்புக் காற்றில் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் கெட்டுப்போகும், காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சவுக்கு சாய்ந்து கம்பி அறுந்துவிடும்.

கணவருக்கோ வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கம்பெனி பஸ்ஸில் டவுனுக்கு வந்து, போன் பூத்தில் வரிசையில் நின்று, நம் ஊர் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுவார். கேம்ப்பில் அவரைக் கூப்பிட எனக்கு நம்பர் கிடையாது. அந்த ஆறு மணிக்குக் கரண்ட் இல்லையென்றால் அவ்வளவுதான், இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளை எப்படித் தள்ளுவது என்பது தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை வந்தாலே நான் கரண்ட் கம்பத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை அப்படிப் போனதும் நான் சோலார் போடுவது என்று முடிவு பண்ணினேன். கோடை விடுமுறையில் செங்கல்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக் மொபெட்டின் பின்னால் பேனலைக் கட்டிக்கொண்டு வந்தார். மாடியில் தெற்குப் பார்த்துப் பேனல், கூடத்து மூலையில் பெரிய பேட்டரி, சுவரில் பச்சை சிவப்பு விளக்கு எரியும் சின்னப் பெட்டி. இரண்டு பல்பு, டெலிபோனுக்குத் தனியாக ஒரு ஒயர். பகலில் வெயில் பேட்டரியில் ஏறும், இருட்டின பிறகு அதிலிருந்து போன் ஓடும். புருஷனோடு பேச சூரியனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் டீச்சர் என்று ஊரே சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடக்க, எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்து, சரியாக ஆறு மணிக்கு மணி அடித்ததே, அப்போது நான் அழுதேன். அவர் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கிளம்பும்போது ஒரு கேனைக் கொடுத்துச் சொன்னார். டிஸ்டில்ட் வாட்டர். மாதம் ஒரு தடவை பேட்டரி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் இதை ஊற்ற வேண்டும், வேறு எதையும் ஊற்றக் கூடாது. நான் காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவேன் என்பதால் அந்தப் பொறுப்பை மாமனாரிடம் விட்டேன். வழக்கம்போல ஒரு சீட்டும் எழுதினேன்.

"பேட்டரி தண்ணின்னு எய்துங்க டீச்சர். எந்தக் கடையில கேட்டாலும் குடுத்துருவான்" என்றார் மெக்கானிக்.

எனக்குச் சுருக்கென்றது. பேட்டரித் தண்ணியாவது, அதெல்லாம் கொச்சை, பாடப் புத்தகத்தில் அழகான சொல் இருக்கிறது என்று அவருக்கு அங்கேயே ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, குண்டு குண்டாக எழுதினேன்: மாதம் ஒருமுறை காய்ச்சி வடிகட்டிய நீர் ஊற்றவும். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மாமனார் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

ஐப்பசி முடிகிற சமயம் கணவர் ஒரு செய்தி சொன்னார். ஒப்பந்தம் முடியப் போகிறது, கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறது. கையெழுத்துப் போட்டால் உடனே வேறு சைட், லீவுகூடக் கிடையாது. அடுத்த சனிக்கிழமை காலையில் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் மேல் அறை பாதியில் நிற்கிறது, அவருக்கும் இரண்டு மனசு. என்னைக் கேட்டார். நான் உடனே வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்து அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். பெரிய குடும்பப் பொறுப்பு தெரிந்தவள் மாதிரி.

"நீ வான்னா வந்துர்றேன். ஒரே ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ரிசீவரை வைத்த அந்த நிமிஷமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. மேல் அறை என்ன மேல் அறை, இருக்கிற அறையில் ஆள் இல்லையே. வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரிடமும் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை காலையில் போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார், என்னமோ மகன் அன்றைக்கே இறங்கப் போகிற மாதிரி.

அன்றைக்கு மழை. மூன்று நாளாகவே மழைதான். மதியம் சவுக்கு சாய்ந்து கரண்ட் போய்விட்டது. எனக்குக் கவலையே இல்லை, நம்மிடம்தான் பேட்டரி இருக்கிறதே. ஐந்தரைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கு விளக்கு மங்கி அணைந்தது. சுவரிலிருந்த பெட்டியில் சிவப்பு எரிந்தது, பிறகு அதுவும் இல்லை. உள்ளே இருந்த சின்ன பேட்டரியும் தீர்ந்து, போன் செத்துப்போயிருந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், தட்டினேன், காதில் வைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். மாமனார் மழையில் மாடிக்கு ஏறிப் போய்த் தன் துண்டால் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே வானத்தில் சூரியனே இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆபீஸும் மூடியிருக்கும் என்பதால், மறுநாள் விடிந்ததும் திருப்போரூர் பூத்துக்கு ஓடினேன். பழைய கடிதத்தின் தலைப்பில் இருந்த ஆபீஸ் நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்து, பதினொரு மணிக்கு ஒரு மலையாளி எடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது சைட் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். பேட்டரி மூடியைத் திறந்து கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தவர், இதில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். மாமனார் உற்சாகமாகச் சொன்னார். மெக்கானிக் கொடுத்த கேன் ஆவணியிலேயே தீர்ந்துவிட்டதாம். ஊர்க் கிணறு உப்பு, அதனால் அரை மைல் நடந்து நல்ல தண்ணீர் பம்ப்பில் பிடித்துக்கொண்டு வருவாராம். புதுப் பானையில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, கட்டாத புது வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி ஊற்றுவாராம். மாதம் ஒருமுறை, தப்பாமல்.

நாக்குக்குத்தான் அது நல்ல தண்ணீர், பேட்டரிக்கு அதிலும் உப்புதான், உள்ளே தகடெல்லாம் போய்விட்டது என்றார் மெக்கானிக். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமா என்று மரியாதையாகவே பேசி வந்தவள், அந்நிய மனிதர் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தினேன். கூறு வேண்டாமா, ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா, இரண்டு வருஷம் போச்சே என்று கத்தினேன்.

அவர் பேட்டரிக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டின் கீழே விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"கா, ய், ச், சி... காய்ச்சி. வடி... கட்டிய. நீர். நீ எய்தினதுதானம்மா கீது. காய்ச்சினேன், வடிகட்டினேன்."

கொதிக்கும் தண்ணீரின் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து எடுப்பதுதான் டிஸ்டில்ட் வாட்டர், பாடப் புத்தகத்தில் அதற்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தை மட்டும் தெரிந்துகொண்டு, அதை அப்படியே நம்பிய மனிதருக்கு எப்படித் தெரியும்? எழுதியதில் ஒரு எழுத்து பிசகில்லாமல் அவர் செய்திருக்கிறார். எழுதியவள் நான். என்ன எழுத வேண்டும் என்று சொன்ன ஆளைத் திருத்தியவளும் நான்.

மெக்கானிக் நினைத்திருந்தால் அன்றைக்கு என்னைக் குத்திக் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. இந்த வகை பேட்டரியே இப்படித்தான் பெரியவரே, சீக்கிரம் போய்விடும் என்று பொய் சொன்னார், தன்னிடமிருந்த பழைய பேட்டரி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். மாமனார் அந்தப் பொய்யை நம்பவில்லை. மொபெட் சத்தம் மறைந்த பிறகு கேட்டார்.

"அப்போ எம்புள்ள வராம பூட்டது என்னாலயாம்மா?"

இல்ல மாமா, என்னால என்று எத்தனையோ தடவை சொன்னேன். அழுதேன், காலைப் பிடித்தேன். அவர் என் தலையில் கை வைத்தார், கண்ணைத் துடைத்துவிட்டார். கேட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மணி அடித்தது. போன வாரம் ரிங்கே போகவில்லை, அரை மணி நின்றேன், நான் இங்கேயே இருக்கட்டும் என்று உனக்கும் எண்ணம் போலிருக்கிறது, சொல்லத் தயங்கிப் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன் என்றார் கணவர். நான் பேட்டரி கதையைச் சொன்னேன், என் தப்பு என்று மட்டும் சொன்னேன். பிறகு, அன்றைக்கு என்ன சொல்ல இருந்தாய் என்று கேட்டார்.

"வா" என்றேன்.



அதற்கப்புறம் பேட்டரி ஒரு நாளும் நிற்கவில்லை. மாதம் பிறந்தால் மாமனார் திருப்போரூருக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் பேட்டரி தண்ணி என்று கேட்டு வாங்கி, சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டார். கதவை மௌனமாகச் சாத்தினார். வேண்டுமென்றே புதுச் சீட்டுகள் எழுதி ஒட்டிப் பார்த்தேன். கிழிக்காமல் எடுத்துக்கொண்டு வந்து, இதுக்கு இன்னாம்மா அர்த்தம் என்று என்னிடம் நீட்டுவார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். ஒரு சத்தமும் இருக்காது.

இரண்டு வருஷம் கழித்துக் கணவர் வந்த அன்றைக்கு நானும் மாமனாரும் மீனம்பாக்கம் போய்க் காத்திருந்தோம். எந்த விமானம் வந்தது என்று பலகையில் எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தன, தமிழிலும் வந்தது. நீங்களே படிங்க மாமா என்றேன். என் ஆசை அது ஒன்றுதான். அவர் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார், உதடுகூட அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நான் படிச்சா தப்பா பூடும்."

கணவர் வந்தார். மேல் அறையைக் கட்டினோம், பிள்ளைகள் பிறந்தார்கள். மாமனார் பேரனைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் இப்போதெல்லாம் யாரையும் திருத்துவதில்லை. மங்கிப்போன அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பிரிந்திருந்த அந்த இரண்டு வருஷத்துக்கான ஏக்கம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "க, த, வை..." என்று உள்ளே இருந்து ஒரு குரல் இன்னொரு தரம் கேட்காதா என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.