ஐஸ்கிரீம் டப்பாவில் வந்த குழம்பு

எனக்குக் காசநோய் வந்து குணமான பிறகு ஒரு வசதி கிடைத்தது. ரிங்லெட் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட்காரர்கள் யாரும் உட்காருவதில்லை. கூடையைத் தாராளமாக அங்கே வைத்துக்கொள்வேன். இந்த மலைக் குளிரில் இருமாதவர் யார்? ஆனாலும் கோயிலில் நான் தொண்டையைச் செருமினால் போதும், கூட்டம் விலகிவிடும். அம்மனை முன்வரிசையில் நின்று கும்பிடலாம்.

அரை வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். "இனி யாருக்கும் ஒட்டாது பாட்டி. பயப்படாம எல்லார்கூடயும் சாப்பிடுங்க" என்று கிளினிக் நர்ஸ் மிஸி சொல்லிவிட்டார். எனக்கென்ன பயம்? பயமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

மற்றவர்கள் போகட்டும். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படி இருந்ததுதான் என்னை உறுத்தியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில், குழம்பு வந்த கிண்ணத்தை யாரும் காலியாகத் திருப்ப மாட்டோம். நாலு வடையோ கொஞ்சம் பாயசமோ போட்டுத்தான் கொடுப்போம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிண்ணங்கள் நடந்துகொண்டே இருக்கும். நான் நோயில் படுத்ததும் அக்கா குழம்பை ஐஸ்கிரீம் டப்பாவில் அனுப்ப ஆரம்பித்தார். "டப்பாவத் திருப்ப வேணாம் தங்கச்சி, வீசிரு லா" என்பார்.

குணமான பிறகும் டப்பாதான். குழம்பில் குறையில்லை, கறித்துண்டு முன்பைவிட அதிகம். என் கைபட்டது எதுவும் அவர் வீட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். கேட்க எனக்கு வாய் வராது. டப்பாக்களைக் கழுவி அடுக்கினேன். பார்த்தவர்கள் நான் ஐஸ்கிரீம் வியாபாரம் தொடங்கிவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

தீபாவளி வந்தது. முறுக்கு நாங்கள் சேர்ந்துதான் சுடுவோம். அவர் பிழிவார், நான் அடுப்பைப் பார்ப்பேன். இந்த முறை அழைப்பில்லை. எண்ணெய் வாசம் வந்ததும் பொறுக்காமல் போய் வாசலில் நின்றேன்.

"வா தங்கச்சி" என்ற அக்கா, முக்காலியைக் கதவோரம் போட்டார். "இங்க உக்காரு. காத்து நல்லா வரும்."

வெளியே மூடுபனி. பல் அடித்துக்கொண்டது. நல்ல காற்றுதான்.

பிழிந்துகொண்டே அடுப்பையும் பார்க்க அவரால் முடியவில்லை. முறுக்கு கருகி, புகை கிளம்பி, அக்காவுக்கு விடாத இருமல். இருமியது நானென்று நினைத்து அவர் வீட்டுக்காரர் உள்ளிருந்து எட்டி என்னைப் பார்த்தார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து முக்காலியை இன்னும் வெளியே இழுத்தேன்.

"என்னா பண்ற?"

"நீங்க இருமுறீங்களேக்கா. எனக்கு ஒட்டிக்கும் லா."

அக்கா ஒரு கணம் திகைத்தார். பிறகு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இவள வாயில்லாப் பூச்சின்னு எவன் சொன்னான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வா, கருகுது."

அடுத்த ஈட்டை நான்தான் எடுத்தேன். சாமிக்கு எடுத்து வைத்தபின், உப்புப் பார்க்க ஒன்றை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. முறுக்கைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.

"சூடா இருக்குமே" என்றார்.

"ஆறட்டும்க்கா."

நீட்டிய கையை நான் எடுக்கவில்லை. கடைசியில் வாங்கி வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கம்மி."

"மாவு பிசைஞ்சது நீங்கதானேக்கா."

"அப்ப இன்னொரு துண்டு குடு, பாப்போம்" என்று அவரே கையை நீட்டினார்.