உள்பிடி இல்லாத கதவு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது பட்டப்பகலில், என் பட்டறையில், என் கண்முன்னால் நடந்தது.

பழைய கார்களைப் புதுப்பிப்பது என் தொழில். ஒரு திருகு மாறினாலும் எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் ஒரு பெரியவர் தன் ஐம்பது வருஷக் காரைக் கொண்டுவந்து, "மேல்கூட்டை வெட்டி எறிஞ்சிடுங்க. கூரை, கதவு எதுவும் வேண்டாம். திறந்த வண்டியாக் கட்டிக் கொடுங்க" என்றபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"ஒரிஜினல் பாடிங்க ஐயா. போனா வராது."

"போகட்டும்."

"கூடு விட்டுக் கூடு பாயப் போகுதுண்ணே!" என்று சிரித்தான் என் பட்டறைப் பெயின்டர்.

ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். பழையபடியே மினுக்கிக் காட்டினால் பெரியவர் மனசு மாறும் என்று எண்ணம். ஒரே குறை, இடது பின்கதவில் உள்பிடி இல்லை. திருகுத் துளைகள் மட்டும் இருந்தன.

முதல் நாள், மதியம் 1.10. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டொக்... டொக்... காருக்குள்ளிருந்து.

"வெயில்ல தகரம் விரியுதுண்ணே" என்றான் பெயின்டர்.

ஆனால் கார் நிழலில்தான் நின்றது.

இரண்டாம் நாள், அதே 1.10. டொக்... டொக்... டொக். பின்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு கைத்தடம். என் உள்ளங்கையில் பாதி.

மறுநாள் பெயின்டர் வேலைக்கு வரவில்லை. நான் பிடிவாதம் விடவில்லை. பழைய சாமான் கடையில் அதே மாடல் பிடி கிடைத்தது. 1.05-க்கு மாட்டி, கதவைச் சாத்தினேன்.

1.10.

தட்டல் இல்லை.

பிடி... மெதுவாக... இறங்கியது.

க்ளிக்.

கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. அனல் காற்று மட்டும் என் முழங்காலை உரசிக்கொண்டு போனது.

சிமெண்ட் தரையில் ஈரக் கால்தடங்கள்... சின்னச் சின்னதாய்... என் அறைக்குள் போய், வாடிக்கையாளர் நாற்காலி முன்னால் முடிந்தன.

மாலையில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பெரியவர் வந்தார். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பிடி மாட்டியதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஓடுற வண்டியில கதவைத் திறந்துடுவான்னு நான்தான் அதைக் கழட்டினேன். என் பையன். மூணு வயசு. பின்சீட்டுல தூங்குறதை மறந்து, பூட்டிட்டு ஆபீசுக்குள்ள போயிட்டேன். ஞாபகம் வந்து ஓடினப்போ மணி ஒன்னு பத்து." மூச்சு வாங்கினார். "அதான் கதவே இருக்கக் கூடாதுன்னேன்."

வெளியே நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"திறந்துச்சா?"

தலையாட்டினேன்.

"எங்க போனான்?"

அவர் நாற்காலியைக் காட்டினேன்.

அது கிறீச்சிட்டது. அவர் அசையவே இல்லை.

"வண்டியை வெட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.